ஊருக்கு அடிக்கடி ஓட ஒரு பழைய கார்: ஏன் செடானைப் பார்க்கணும்?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு கேள்வியைப் பத்தித்தான். பெங்களூருல வேலை, மதுரையில வீடு. மாசம் ரெண்டு தடவை காரை எடுத்துட்டு ஊருக்குப் போய் வரணும். பழைய கார்தான் பட்ஜெட்டுக்கு ஒத்து வரும். பார்க்கவும் கெத்தா இருக்கணும், ஓட்டுற செலவும் கையைக் கடிக்கக் கூடாது. என்ன வாங்கலாம்?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் காம்பாக்ட் எஸ்.யூ.வி. பக்கம் ஓடிட்டு இருக்கிற இந்த நேரத்தில், நீங்க செடானைப் பாருங்க. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி சியாஸ், ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் மாதிரி. காரணம் ரசனை மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கு.

காத்துதான் உங்க பெட்ரோலைக் குடிக்குது

சிட்டி டிராஃபிக்கில் எரிபொருள் போறது வண்டியோட எடையை நிறுத்தி நிறுத்தி நகர்த்துறதுக்கு. ஹைவேயில் கதை வேற. ஒரே வேகத்தில் போகும்போது எடை பெரிய விஷயமே இல்லை, காத்தைக் கிழிச்சுட்டுப் போறதுதான் முக்கிய வேலை.

காற்று எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருக்கிற எதிர்ப்பு 100-ல் ஒன்றரை மடங்கைத் தாண்டிடும், 120-ல் ரெண்டேகால் மடங்கு. இதோட பெருக்கல்ல வர்றது ரெண்டு விஷயம்: வண்டியோட முன்பக்கப் பரப்பு, அப்புறம் அதோட வடிவம். உயரமா, சதுரமா இருக்கிற எஸ்.யூ.வி. ரெண்டிலுமே தோத்துப் போகும். தாழ்வா, பின்னாடி சரிஞ்சு போற செடான் ஜெயிக்கும். நமக்கு அழகாத் தெரியற அதே கோடுதான் பெட்ரோலையும் மிச்சம் பண்ணுது.

கம்பெனி சொல்ற மைலேஜை இதனாலதான் அப்படியே நம்ப முடியாது. இந்தியாவில் மைலேஜ் எடுக்கிற சோதனை ஓட்டத்தில் வேகம் 90-ஐத் தாண்டாது, மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் சிட்டி ஓட்டம் மாதிரிதான். நீங்க போகப் போறது நாலுவழிச் சாலையில், 100 கி.மீ. வரம்பில்.

இன்னொரு லாபம்: புது கார் சந்தையில் செடானுக்கு மவுசு குறைஞ்சுடுச்சு. அதனால பழைய சந்தையில் பொதுவா, அதே வயசுள்ள எஸ்.யூ.வி. விலைக்கு ஒரு படி மேலான செடான் கிடைக்கும். விக்கிறவருக்கு நஷ்டம், நமக்கு லாபம்.

டீசலா, பெட்ரோலா? கணக்கு போட்டுடலாம்

பெங்களூரு-மதுரை ஏறக்குறைய 435 கி.மீ. போய் வர 870. மாசம் ரெண்டு தடவைன்னா வருஷத்துக்குச் சுமார் 21,000 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய்னு வச்சுக்கங்க. பெட்ரோல் கார் லிட்டருக்கு 16, டீசல் கார் 20 கொடுக்குதுன்னா, கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய், 4.60 ரூபாய். வருஷத்துக்கு வித்தியாசம் சுமார் 34,000 ரூபாய்.

பெரிய தொகைதான். ஆனா டீசல் கார் வாங்குறவங்க நிறைய ஓட்டுறவங்க. அதனால உங்க கைக்கு வரும்போது மீட்டரும் நிறைய ஓடியிருக்கும். டர்போ, இன்ஜெக்டர் ரெண்டில் ஒண்ணு கைவிட்டாக்கூட ஒரு வருஷச் சேமிப்பு போயிடலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். சேர்ந்த கரி எரியணும்னா வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடணும். உங்க ஓட்டம் அதுக்கு ரொம்பத் தோது. ஆனா முந்தைய ஓனர் தினமும் ஆபீசுக்கு 5 கி.மீ. மட்டும் ஓட்டியிருந்தா, ஃபில்டர் பாதி அடைச்ச நிலையில் உங்ககிட்ட வரும். அதனால கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு ஓடுச்சு?" மட்டும் இல்லை, "எங்க ஓடுச்சு?"

என் கணக்கு இதுதான். வருஷம் 20,000 கி.மீ. உறுதியாத் தாண்டும், சர்வீஸ் ரெக்கார்டும் முழுசா இருக்குன்னா டீசல். மாசம் ஒரு தடவைதான் போவேன்னா பெட்ரோல், யோசிக்கவே வேணாம்.

பெட்ரோல் எடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இப்ப பங்க்கில் கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால்ல லிட்டருக்கு மூணில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த பல கார்கள் இ20-க்குன்னு செஞ்சவை இல்லை. எரிபொருள் மூடியிலயும் ஓனர் புக்லயும் என்ன போட்டிருக்குன்னு பார்த்துடுங்க.

தொப்பூர் இறக்கத்தில் எது காப்பாத்தும்?

தருமபுரி தாண்டி சேலம் போற வழியில் தொப்பூர் கணவாய் இருக்கு. பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்து நடந்துட்டே இருக்கிற இடம். அங்கே நள்ளிரவில் இறங்கும்போது சன்ரூஃப் உதவாது. உதவப் போறது பிரேக், டயர், இ.எஸ்.சி. அதனால முன்னுரிமை இப்படி வைங்க.

முதல்ல இ.எஸ்.சி. திடீர்னு திருப்பும்போது வண்டி சுத்திடாமப் பிடிக்கிறது இதுதான். பழைய செடான்கள்ல பல நேரம் மேல் வேரியன்ட்ல மட்டும்தான் வரும். வேரியன்ட் பேரைக் கேட்டு உறுதி பண்ணுங்க. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஸ்லாவியாவும் விர்டஸும் 2023-ல் 5 நட்சத்திரம் வாங்கின கார்கள். பட்ஜெட்டைக் கொஞ்சம் இழுக்க முடிஞ்சா இந்த ரெண்டும் நல்ல தேர்வு.

அடுத்தது டயர். பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும். 3521-னா 2021-ஆம் வருஷத்தோட 35-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் 6 வயசு தாண்டின டயரோட ஹைவே ஏறாதீங்க. நாலு டயர் மாத்துற காசை விலையில் குறைச்சுக் கேளுங்க.

டெஸ்ட் டிரைவை டீலர் இருக்கிற தெருவோட முடிச்சுக்காதீங்க. ஹைவேக்குக் கொண்டு போங்க. 100-ல் டாப் கியர்ல ஆர்.பி.எம். எவ்வளவுன்னு பாருங்க. 3,000-ஐத் தாண்டிக் கத்துச்சுன்னா 8 மணி நேரம் காதும் உடம்பும் தாங்காது. ஸ்டியரிங் அதிருதா, பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்குதான்னு அங்கேதான் தெரியும்.

காகிதம் பொய் சொல்லாது

ஓடோமீட்டரைக் குறைக்கிறது ரொம்பச் சுலபம். அதை மட்டும் நம்பாம, சர்வீஸ் சென்டர்ல பதிவான கிலோமீட்டர் வரிசையைக் கேளுங்க. 40,000 ஓடின வண்டின்னு சொல்றாங்க, ஆனா பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்குன்னா ஏதோ இடிக்குது.

இன்ஷூரன்ஸ் காகிதத்தில் என்.சி.பி. பாருங்க. அஞ்சு வருஷம் க்ளெய்மே இல்லைன்னா அது 50 சதவீதம் இருக்கணும். முதல் ஓனர், 6 வருஷ வண்டி, ஆனா என்.சி.பி. பூஜ்யம்னா, எதுக்கு க்ளெய்ம் பண்ணினீங்கன்னு நேராவே கேளுங்க.

சென்னை, பெங்களூரு ரெண்டுமே வெள்ளம் பார்த்த ஊர். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில் சேறு படிஞ்ச கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை இருந்தா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் கிளம்பிடுங்க. நனைஞ்ச வயரிங் எப்பக் காலை வாரும்னு யாராலும் சொல்ல முடியாது. கரூர் தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கும் வாரலாம்.

கடைசியா ஆர்.சி. கடன் இருந்தா, அது அடைஞ்சு அடமானப் பதிவு நீங்கியிருக்கணும். பெயர் மாத்த படிவம் 29, 30 வேணும். தமிழ்நாட்டு வண்டியை வாங்கி கர்நாடகாவில் 12 மாசத்துக்கு மேல் வச்சுக்கப் போறீங்கன்னா, என்.ஓ.சி. வாங்கி அங்கே மறுபதிவு பண்ணி வரியும் கட்டணும். டெல்லியில் பழைய டீசலுக்குக் கெடுபிடி இருக்கிறதால அங்கிருந்து வர்ற வண்டிகள் மலிவாத் தெரியும். இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தா அந்த மலிவு காணாமப் போயிடும்.

சுருக்கமா: தாழ்வான செடான், இ.எஸ்.சி. உள்ள வேரியன்ட், முழு சர்வீஸ் வரலாறு. நிறம், சன்ரூஃப், பெரிய திரை எல்லாம் அதுக்கு அப்புறம். ரெண்டு வண்டிக்கு நடுவில் குழப்பம்னா, விலை குறைவான வண்டியை எடுக்காதீங்க, வரலாறு தெளிவா இருக்கிற வண்டியை எடுங்க.

அடுத்த எபிசோடில் பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கினா பேட்டரி ஆரோக்கியத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு பேசலாம். பத்திரமா ஓட்டுங்க.