அடமா? நோயா?

புளியங்குடிக்குப் போயிருக்கிறீர்களா? ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற வழியில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். காலையில் கமிஷன் கடைப் பக்கம் போனால் மூட்டை மூட்டையாய்ப் பழம் வந்து இறங்கும், தெருவே மணக்கும். அந்த ஊரில் ஒரு வியாபாரி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு ஒரே பெண். இருபத்திரண்டு வயது. படித்தவள், கெட்டிக்காரி, கைவேலையில் நிபுணி. அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்த புதிதில், "எங்க மைனி மாதிரி உண்டுமா?" என்று தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தாள். மூன்றாம் மாதம் மதினி நாலு நாளைக்குப் பிறந்த வீடு போய் வந்தாள். அவ்வளவுதான்! "என்னைய விட்டுட்டுப் போறவதானே அவ!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாளே அவள் மடியில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். சிநேகிதி ஒருத்தி டெலிபோனை எடுக்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அம்மா தற்செயலாக மகளின் வளையலை விலக்கிப் பார்த்தாள். மணிக்கட்டில் காயங்கள். அவளே உண்டாக்கிக்கொண்டவை.

"செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீக" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எல்லாம் நடிப்பு" என்றார் சித்தப்பா. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாப் போவும்" என்றார் இன்னொருவர். ஆச்சியோ, "சங்கரன்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயி கோமதி அம்மன் சந்நிதி சக்கரக் குழியில உக்கார வைப்போம்" என்றாள்.

ஆச்சியின் யோசனையில் அன்பு இருக்கிறது. அதைக் குறை சொல்ல வேண்டாம். கும்பிடுங்கள், கூடவே டாக்டரிடமும் போங்கள் என்பதுதான் நாம் சொல்ல வந்தது. இந்தப் பெண் கற்பனைதான். ஆனால் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் மனத்தில் வந்து நின்றால், மேலே படியுங்கள்.

பெயர் வந்த கதை

இந்த மனநோய்க்கு டாக்டர்கள் 'பார்டர்லைன் பெர்ஸனாலிட்டி டிஸ்ஆர்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்கிறார்கள். எந்த எல்லை? 1938-ல் நியூயார்க் மனோதத்துவ வைத்தியர் அடால்ப் ஸ்டெர்ன், சாதாரண மனக்கவலைக்கும் முழுப் புத்தி மாறாட்டத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராத சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்த 'எல்லைக்கோடு'தான் பெயராக ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல வைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் இது 1980-ல்தான் இடம் பெற்றது. எல்லைக் கதை இன்றைக்குப் பழசாகிவிட்டது; பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அடையாளங்கள் ஒன்பது. கைவிட்டுவிடுவார்களோ என்ற பெரும் பயம், இன்று தெய்வம், நாளை சத்துரு என்று மாறும் உறவு, 'நான் யார்' என்ற தெளிவின்மை, முன்பின் யோசியாத செலவு, சாப்பாடு போன்ற காரியங்கள், தன்னையே காயப்படுத்திக்கொள்வது அல்லது சாகப் போவதாகச் சொல்வது, மணிக்கு மணி மாறும் மனநிலை, தீராத வெறுமை, அடக்க முடியாத கோபம், மிகுந்த நெருக்கடியில் வீண் சந்தேகம் அல்லது தன் நினைவற்ற நிலை. இவற்றில் ஐந்தாவது, பல காலமாக, பல இடங்களில் தென்பட்டால்தான் டாக்டர் இந்தப் பெயரைச் சொல்வார்.

ஆகையால், இதைப் படித்த கையோடு உங்கள் நாத்தனாருக்கு இந்த நோய்தான் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்! கோபம் யாருக்குத்தான் வராது?

நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கலாம் என்பது பல நாட்டுக் கணக்கு. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெண்களே அதிகம். ஆனால் ஊரில் வீடு வீடாய்க் கணக்கெடுத்தால் ஆண்களும் ஏறக்குறைய அவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஆணுக்கு வந்தால் 'முன்கோபி' என்று சொல்லிவிடுகிறோம், அதுதான் வித்தியாசம்.

குற்றாலத்தில் ஒரு பாடம்

ஏன் இப்படி வருகிறது? பிறவியிலேயே சிலருக்கு மனம் மெல்லிய தோல் போன்றது. நமக்குச் சுடாதது அவர்களுக்குச் சுடும். சுட்ட வலி ஆறவும் வெகு நேரமாகும். இது ஓரளவு குடும்ப வழியாக வருவது. அப்படிப்பட்ட குழந்தை அழும்போதெல்லாம், "இதுக்கெல்லாமா அழுவாக?" என்று அதட்டியே வளர்த்தால், தன் மனத்தையே நம்பாமல் போய்விடுகிறது. சிறு வயதில் அடி உதையோ, தகாத துன்பமோ பட்டவர்களும் இவர்களில் அநேகம் பேர். எல்லோரும் அப்படியல்ல; பாசமாய் வளர்த்த வீடுகளிலும் இது வருவதுண்டு. அம்மாக்கள் தலையில் பழியைப் போட வேண்டாம்.

புளியங்குடியிலிருந்து குற்றாலம் அதிக தூரமில்லை. அங்கே பேரருவியில் தண்ணீர் மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகுதான் வழிந்து வருகிறது. அதனால்தான் நாம் ஆனந்தமாக நின்று குளிக்கிறோம். நமக்கெல்லாம் மனத்திலே அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. துக்கமோ கோபமோ அதில் விழுந்து கொஞ்சம் அடங்கித்தான் வெளியே வருகிறது. இந்த நோயாளிக்கு அந்தப் பள்ளம் ஆழம் போதவில்லை. வெள்ளம் நேரே தலையில் விழுகிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதுகூட, பெரும்பாலும், தாங்க முடியாத அந்த வேகத்தை ஒரு நிமிஷமாவது நிறுத்தும் பரிதாபமான முயற்சிதான்.

சரி, பள்ளத்தை ஆழப்படுத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒரு பெண்மணி.

பூட்டிய அறையிலிருந்து வந்தவர்

1961-ல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரத்து மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைச் சேர்த்தார்கள். தன்னை ஓயாமல் காயப்படுத்திக்கொண்டதால் தனி அறையில் பூட்டி வைத்தார்கள். வேறு நோய் என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள், மின்சார சிகிச்சையும் செய்தார்கள். பலனில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். இந்த நரகத்திலிருந்து தப்பினால் திரும்பி வந்து மற்றவர்களையும் மீட்பேன் என்று அந்த அறையிலே சபதம் செய்துகொண்டாள்.

அவர்தான் மார்ஷா லைன்ஹன். வெளியே வந்து வேலை பார்த்தபடியே மாலை வகுப்பில் படித்தார். 1971-ல் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சியாட்டில் நகரத்துச் சர்வகலாசாலையில் பேராசிரியை ஆனார். 'டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி', சுருக்கமாக டி.பி.டி., என்ற சிகிச்சையை உருவாக்கினார். 1991-ல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு வருஷம் இந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதும் ஆஸ்பத்திரியில் படுப்பதும் மற்றவர்களைவிடக் குறைந்தது தெரிந்தது. தம் சொந்தக் கதையை மட்டும் அவர் வெளியே சொல்லவில்லை. 2011-ல், பழைய அதே ஆஸ்பத்திரியில், சபையோர் முன்னால் நின்று முதல்முறையாகச் சொன்னார்.

அந்தச் சிகிச்சையில் நான்கு பாடங்கள். முதலாவது, மனத்தில் ஓடுவதைத் தள்ளி நின்று பார்ப்பது. லைன்ஹன் இதை ஜென் தியானத்திலிருந்து எடுத்துக்கொண்டார். புத்த மதம் பிறந்த நம் தேசத்துச் சரக்குத்தான், உலகம் சுற்றித் திரும்பியிருக்கிறது! இரண்டாவது, வெள்ளம் வரும்போது தாக்குப் பிடிப்பது. முகத்தைக் குளிர்ந்த நீரில் சற்று நேரம் வைப்பது, மூச்சை மெதுவாக விடுவது போன்ற உபாயங்கள். (இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.) மூன்றாவது, உணர்ச்சிக்குப் பெயர் சொல்லி அடக்கியாளப் பழகுவது. நான்காவது, உறவு கெடாமல் கேட்பதைக் கேட்கவும், மறுப்பதை மறுக்கவும் கற்பது. வாரம் ஒரு நாள் தனியே, ஒரு நாள் வகுப்பாக, வழக்கமாக ஒரு வருஷம் நடக்கும். இதைப் போல வேறு பேச்சுச் சிகிச்சைகளும் உண்டு.

மாத்திரை கிடையாதா என்று கேட்பீர்கள். இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை இல்லை. கூடவே மனச்சோர்வோ தூக்கமின்மையோ இருந்தால் டாக்டர் அதற்குக் கொடுப்பார்.

குணமாகுமா? அமெரிக்காவில் மக்லீன் ஆஸ்பத்திரியில் மேரி ஸனாரினி என்ற பெண்மணி 290 நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார். பத்து வருஷத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு நோய் அடையாளங்கள் தணிந்து, இரண்டு வருஷமாவது அப்படியே நின்றன. வேலை, உறவு எல்லாம் சீராகி நன்றாக வாழ்ந்தவர்கள் பாதிப் பேர். 'இது ஜென்மத்தோடு வந்தது, மாறாது' என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

அவள் உணர்ச்சியை மறுக்காதீர்கள். "மைனி போனது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, இல்லையா?" என்று கேளுங்கள். அவள் கதவை அறைந்தது சரி என்று இதற்கு அர்த்தமில்லை. வலி புரிகிறது என்று சொல்வது வேறு. செய்கை சரி என்று சொல்வது வேறு.

வெள்ளம் புரளும்போது புத்திமதி வேண்டாம். அருவியில் தண்ணீர் அதிகமானால் போலீஸ்காரர் நம்மை வெளியே வரச் சொல்வார்; வடிந்த பின் குளிக்க விடுவார். அதே நியாயம்தான். மறுநாள் காலையில் பேசுங்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். "நாலு நாள்ல வாரேன், தினம் ராத்திரி எட்டு மணிக்குப் பேசுதேன்" என்று மதினி சொல்லிப் போயிருந்தால் பாதித் துக்கம் குறைந்திருக்கும்.

சாகப் போகிறேன் என்றால், மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். இந்த நோயில் அந்த ஆபத்து மெய்யானது. தோட்டம் துரவு உள்ள வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. பூட்டி, சாவியை வேறிடத்தில் வையுங்கள். அன்றைக்கு அவளைத் தனியே விடாதீர்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போலீஸ் வழக்கு வருமென்று பயந்து மறைக்க வேண்டாம். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை அளிப்பது சர்க்காரின் கடமை என்றும் சொல்கிறது.

கல்யாணம் மருந்தல்ல. அதை மருந்தாக நினைத்தால் இரண்டு வீடு அழும்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநல டாக்டர் உண்டு. தென்காசிப் பக்கத்தவர்களுக்குப் பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவே இருக்கிறது. டி.பி.டி. முறையாகப் பயின்றவர்கள் பெங்களூர் நிமான்ஸ், சென்னை போன்ற பெரிய இடங்களில்தான் அதிகம். உள்ளூர் டாக்டர் வழி சொல்வார். ராப்பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்து தமிழிலேயே பேசலாம். 2022-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' அது.

புளியங்குடி வீட்டுக்குத் திரும்புவோம். வளையலை விலக்கிப் பார்த்த அம்மா அங்கேயே நிற்கிறாள். "என்ன காரியம்ட்டி செஞ்சிருக்க!" என்ற கூச்சல் நாக்கு நுனியில் நிற்கிறது. அதை விழுங்கிக்கொண்டு, "எம்புட்டு வலிச்சிருந்தா இப்படிச் செஞ்சிருப்ப தாயீ! வா, நாளைக்கு நாம ரெண்டு பேருமாப் போயி டாக்டரப் பாப்போம்" என்று அவள் சொல்லட்டும்.

சிகிச்சை அங்கேயே ஆரம்பமாகிவிடும்.