ஃபுளூவை மடக்கும் நுரையீரல் புரதம்

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கிவிடும். ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்த வண்டியில் ஒருவர் இருமினால் போதும்; ஃபுளூ வைரஸ் பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குள் புகுந்துவிடும். இன்று கையிலிருக்கும் முக்கிய மருந்து ஓசல்டாமிவிர். காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கூலி போய்விடுமே என்று இரண்டு நாள் தாக்குப்பிடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு அந்த நேரம் கடந்திருக்கும். வேறு மருந்துகள் வேண்டும்.

அதற்கான ஒரு வழி நம் நுரையீரலிலேயே இருக்கிறது.

காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய படலம். அதில் எஸ்பி-டி என்றொரு புரதம் உண்டு. நான்கு கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் மும்மூன்று தலைகள். வைரஸ் நம் செல்லில் ஒட்டுவதற்கு ஹீமக்ளூட்டினின் என்ற முள்ளைப் பயன்படுத்துகிறது. அந்த முள்ளின் மேல் படிந்திருக்கும் சர்க்கரைகளை இத்தலைகள் கால்சியத்தின் துணையோடு இறுகப் பற்றுகின்றன. முள் முடங்குகிறது. வைரஸ்கள் கொத்துக்கொத்தாகத் திரள்கின்றன. வெள்ளணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. கெவன் ஹார்ட்ஷார்ன் குழு 1994-இல் இந்தப் பாதுகாப்பை விளக்கியது.

வைரஸுக்கு இங்கே ஒரு தர்மசங்கடம். ஆன்டிபாடிகளிடமிருந்து ஒளிய, மேலே சர்க்கரையைப் போர்த்திக்கொள்ள வேண்டும். போர்த்தினால் எஸ்பி-டியிடம் மாட்டிக்கொள்ளும். 1968-இல் பரவிய எச்3என்2 வைரஸ் ஆண்டுகள் செல்லச் செல்லச் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டது. எஸ்பி-டிக்குப் பிடியும் எளிதானது. 2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1-க்கோ முள்ளின் தலைப்பகுதியில் சர்க்கரை குறைவு. மனித எஸ்பி-டி அதனிடம் திணறியது.

அப்படியானால் புரதத்தையே திருத்தினால் என்ன? எரிகா கிரவுச், ஹார்ட்ஷார்ன் குழுவினர் அதன் தலைப்பகுதியில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றினார்கள். ஃபுளூ தாக்கிய எலிகளுக்கு அது கூடுதல் பாதுகாப்பு தந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் பன்றியின் எஸ்பி-டியை நாடினார்கள். அதன் தலையிலேயே ஒரு சர்க்கரைச் சங்கிலி இருப்பதால், ஃபுளூ வைரஸின் முள் தானே வந்து சிக்குகிறது.

இந்தியாவிலும் இப்புரதத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது. மும்பையில் தருணா மதன் குழு, மனித எஸ்பி-டியின் ஒரு துண்டு கொரோனா வைரஸின் பெருக்கத்தையும் ஆய்வகத்தில் தடுப்பதை 2021-இல் காட்டியது.

குறைமாதக் குழந்தைகளுக்குப் பன்றி, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட் மருந்து ஏற்கெனவே மூச்சுக்குழாய் வழியே செலுத்தப்படுகிறது. ஆனால் தயாரிப்பின்போது எஸ்பி-டி அதிலிருந்து நீங்கிவிடுகிறது. ஃபுளூ மருந்தாக வேண்டுமானால் இப்புரதத்தைத் தனியே தயாரித்து, சிதையாமல் காற்றுப்பை வரை கொண்டுசேர்க்க வேண்டும்.