முழங்கால் மூட்டு நார் கிழிவு

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலில் பிணைத்து நிற்கும் முக்கிய நார்கள் நான்கு. பேச்சு வழக்கில் 'ஜவ்வு' என்கிறோம். இவற்றுள் மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் முன் சிலுவை நார், எவரும் மோதாமலேயே அறுபடக்கூடியது. கால் நிலத்தில் ஊன்றியிருக்க உடல் மட்டும் சட்டெனத் திரும்பினாலே போதும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும்.

மாணவர் ஏமாறுவது இதற்குப் பின்னர்தான். சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. நேராக நடக்கவும் முடிகிறது. நார் கூடிவிட்டதென்று எண்ணிக் கபடிக் களத்தில் இறங்கினால், திரும்பும்போது மூட்டு நழுவும். நழுவுந்தோறும் எலும்புகளுக்கிடையே உள்ள குருத்தெலும்புத் தட்டும் சிதையக்கூடும். எண்ணெயிட்டு உருவுதல் இதற்கு மருந்தன்று.

அதற்காக, அறுந்த அனைவருக்கும் கத்தி வேண்டுமென்பதும் இல்லை. சுவீடனில் இளையோர் 121 பேரிடம் நிகழ்த்தி 2010இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், பயிற்சி சிகிச்சையுடன் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டுமே அறுவை என்று விடப்பட்டவர் 59 பேர். இரண்டாண்டுக்குள் அறுவையை நாடியவர் அவருள் 23 பேரே. தொடக்கத்திலேயே அறுவை செய்துகொண்டவரின் மூட்டு இவர்களுடையதைவிடச் சிறந்து விளங்கவில்லை. பயிற்சிக்குப் பின்னும் மூட்டு நழுவுமாயின் அறுவையே வழி. நோயாளியின் தசைநாணையே எடுத்துப் புது நாராகப் பொருத்துவர். அதன்பின் களம் காண ஒன்பது மாதமேனும் பொறுக்க வேண்டும்.