இடாப்பில் ஒரு பெயர் குறையாமல்



மகளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தால் வீடே மகிழ்கிறது. ஆனால் கடிதத்தில் பதுளைப் பட்டணத்துப் பாடசாலைக்குப் பதிலாக, பசறைக்கோ லுணுகலைக்கோ அப்பாலுள்ள தோட்டப் பாடசாலையின் பெயர் இருந்துவிட்டால் அந்த மகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது. "எப்படிப் போய் வருவாய்?" என்று உம்மா கவலைப்படுகிறார். "எப்போது மாற்றம் எடுக்கலாம்?" என்று மாமி கேட்கிறார். புதிய ஆசிரியைக்கோ வேறொரு பயம்: தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பையன்களை எப்படி அடக்குவது?

உண்மையில் அடக்குவதல்ல அங்கே பெரிய வேலை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையை நாளைக்கும் வகுப்புக்கு வரச் செய்வதுதான் பெரிய வேலை.

தாமதமாகத் திறந்த கதவு

இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. லயன் அறைகளுக்கு அதன் பயன் உடனே வந்து சேரவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஆரம்ப வகுப்புகள், அவ்வளவுதான். 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பின்னர் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது.

ஆயினும் ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. 2014இல் தோட்டப் பாடசாலைகளுக்கென 3,021 ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்க விண்ணப்பம் கோரப்பட்டது. உயர்தரம் சித்தியடைந்த இளைஞர், யுவதிகள் வந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. பிறகு 10,000 ரூபா. பஸ் கட்டணத்துக்கே போதாத அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வகுப்புகளைக் காத்தவர்கள் அவர்கள்.

வெறுமையாகும் கதிரை

கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் பதினாறானது. சட்டம் நல்லதுதான். ஆனால் தாய் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையைப் பார்க்க மூத்த மகள் வீட்டில் நிற்கிறாள். பையனைக் கொழும்பிலுள்ள கடையொன்றுக்கு யாரோ அழைக்கிறார்கள். முதலில் இரண்டு நாள் வரவில்லை. பின்பு ஒரு வாரம். அப்புறம் கதிரை வெறுமையாகிவிடுகிறது.

இதை முதலில் காண்பவர் அந்த வகுப்பின் ஆசிரியை. ஆகவே இடாப்பை வெறும் கடமையாக எண்ணாதீர்கள். மூன்றாம் நாளே விசாரியுங்கள். திரும்பி வந்த பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் ஏசாமல், தவறிய பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். மாதத்தில் சில நாட்கள் மட்டும் வராத பெண் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். தண்ணீரும் கதவும் உள்ள மலசலகூடம் ஒன்றிருந்தால் அவள் வந்துவிடுவாள். அதற்காக அதிபரிடம் பேசப் பெண் ஆசிரியைதான் பொருத்தமானவர். பெற்றோரைச் சந்திக்கும்போது அவர்களது உழைப்பை மதித்துப் பேசுங்கள். நம் மார்க்கம் வேறு, அவர்கள் மார்க்கம் வேறாக இருக்கலாம். இரு சாராருக்கும் தாய்மொழி தமிழ்தான்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

தோட்டப் பாடசாலைகளைப் பலவீனப்படுத்துவது வந்த வேகத்திலேயே மாற்றம் எடுத்துப் போகும் வழக்கம். வருடத்துக்கொரு கணித ஆசிரியை மாறினால் பிள்ளை எதை நம்பிப் படிக்கும்? ஒன்பதாம் தரத்தில் கையேற்ற வகுப்பைப் பதினோராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று ஓர் ஆசிரியை முடிவு செய்தால், அது மூன்று வருடம். அவ்வளவுதான்!

அந்த மூன்று வருடமும் அவளுக்கு வீட்டின் துணை வேண்டும். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளிடம் காலைச் சமையலையும் சுமத்தாதீர்கள். கணவர் பிள்ளைகளை வெளிக்கிடுத்தட்டும். மாமி பகல் சோற்றைக் கட்டிக் கொடுக்கட்டும். வகுப்பு ஓர் அமானிதம். அதைச் சுமப்பவளுக்குத் தோள் கொடுப்பதும் நன்மைதான்.