வாடகை கடனை அடைக்குமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியோர்கள். கடன் வாங்கி வீடு கட்டி, அதை வாடகைக்கும் விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம்!

பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசையைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் கிராமம் குத்தம்பாக்கம். 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோவின் கிராமப் பணிகளால் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் அது. இன்று மனை விளம்பரங்களில் அடிபடுகிறது. காஞ்சிபுரம், வேலூர், பெங்களூர் செல்லும் பஸ்களுக்காகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இங்கே சுமார் 25 ஏக்கரில் ஒரு நிலையம் கட்ட எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம். "ஒரு வீட்டை வாங்கிப் போடுங்கள், வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று தரகர்கள் சொல்லும்போது, மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆசை பிறப்பது இயற்கைதானே!

கணக்குப் போட்டால்...

உதாரணமாக, மனையோடு கூடிய ஒரு தனி வீட்டின் விலை 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், விலையில் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கடன் 32 லட்சம். மீதி 8 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்று பத்திரச் செலவு மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம். இதையும் கையிலிருந்துதான் போட வேண்டும்.

9 சதவிகித வட்டியில், 20 வருஷக் கெடுவில், மாதத் தவணை ஏறக்குறைய 28,800 ரூபாய். வாடகை 12,000 வருவதாக வைத்துக்கொண்டாலும், மாதா மாதம் 16,800 ரூபாய் துண்டு விழுகிறது. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல்!

கணக்கைத் திருப்பிப் போட்டால் உண்மை இன்னும் தெளிவாகும். வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது என்று செலவும் உண்டு. இரண்டுக்குமாக மாதம் 2,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 10,000. அதே வட்டிக்கும் கெடுவுக்கும் அந்தப் பணம் தாங்கக்கூடிய கடன் சுமார் 11 லட்சந்தான். வருமான வரியில், வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவிகிதம் கழிவு உண்டு. கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. இவை சுமையைக் குறைக்கலாம். துண்டு முழுவதையும் அடைத்துவிடாது.

குடியிருப்பவர் யார்?

ஒரே தொழிற்சாலையை நம்பி வீடு வாங்குவது ஆபத்து. அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆலை மூடினால் குடியிருப்பவர் வேறு ஊருக்குப் போய்விடலாம். வீட்டுக்காரரின் தவணை எங்கும் போகாது! பஸ் ஸ்டாண்டு வரும் என்று இன்றைய விலையில் வாங்குபவர், நாளைய வாடகைக்கும் சேர்த்து இன்றே விலை கொடுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

பத்திரமும் ஒப்பந்தமும்

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததை வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே மனையை மழைக்காலத்தில் ஒரு முறை நேரில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வாடகைக்கு விடும்போது வாய்ப்பேச்சு உதவாது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி பூந்தமல்லி, ஆவடி போன்ற நகரப் பகுதிகளில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கோபம் வந்தது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. கிராமத்தில் வீடு வைத்திருப்பவரும் இந்த முறையையே கைக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மோட்டார் கெட்ட அன்றே ஆளை அனுப்பும் வீட்டுக்காரரை விட்டு நல்ல குடித்தனக்காரர் லேசில் போகமாட்டார். அவர் தங்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு மாதக் காலி வாடகையும் தரகுப் பணமும் மிச்சம்.

ஆறு மாதத் தவணையை வங்கியில் தனியாக வைத்திருப்பவர், வாடகை வராத மாதத்திலும் நிம்மதியாகத் தூங்கலாம். அதைச் சேர்க்க முடியாதவர் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருப்பதே மேல்.