வலை இழுத்தால் ஏறாத 'ஸ்டெப்ஸ்'... உங்கள் பிள்ளையின் வாட்ச் சொல்வது முழுக் கணக்கா?

திருப்பாலைவனத்தைத் தாண்டி பழவேற்காடு ஏரிக்கரை. லீவு நாளில் அப்பாவோடு படகில் போய், வலை இழுத்துவிட்டு வரும் 16 வயதுப் பையனுக்குத் தோள் கழன்றுவிடும். ஆனால், அவன் கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால், அது காட்டும் 'ஸ்டெப்ஸ்' சொற்பமாகவே இருக்கக்கூடும்!

ஏன் இப்படி?

வாட்ச்சுக்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டர் என்ற குட்டி சென்சார், நடைக்குரிய தாளத்தில் வரும் அசைவுகளைத்தான் அடிகளாக எண்ணுகிறது. சைக்கிள் ஓட்டும்போது ஹேண்டில்பாரைப் பிடித்த கை அதிகம் அசைவதில்லை. அதனால் பிளஸ் ஒன் மாணவர்கள் அரசின் விலையில்லா சைக்கிளில் எவ்வளவு தூரம் மிதித்தாலும் எண்ணிக்கை பெரிதாக ஏறாது. தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பதும் அப்படித்தான். குடத்தைச் சுமந்து நடந்தாலும், வெறுங்கையோடு நடந்தாலும் 100 அடி என்பது 100 அடிதான்.

பிறகு எதற்கு இந்தக் கருவி?

மனிதர்களின் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான். 146 நாடுகளின் 16 லட்சம் மாணவர்களின் தகவல்களை உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் அலசி, 2019-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதினரில் 81 சதவிகிதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண் பிள்ளைகள் 78 சதவிகிதம், பெண் பிள்ளைகள் 85 சதவிகிதம். இவை மாணவர்களே சொன்ன பதில்கள். கருவி மறக்காது, மிகைப்படுத்தாது. ஆனால், தனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லும்.

10,000 அடி ரகசியம்

இந்த எண் மருத்துவர்கள் எழுதிய சீட்டு அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற கருவியின் பெயருக்கே '10,000 அடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். 5 முதல் 17 வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கான உடலுழைப்பு. வளரிளம் பருவத்தினருக்கு இது ஏறக்குறைய 10,000 முதல் 11,700 அடிகள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஒரே நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். லீவு நாளையும் சேர்த்து 7 நாள்கள் கட்டிப் பாருங்கள்.

* சைக்கிள், நீச்சல், படகு வேலையை நோட்டில் நிமிடக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

* மகனுக்கு ஒரு வாரம் கட்டினால், மகளுக்கும் ஒரு வாரம் கட்டுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால், மாலையில் அவளும் வெளியே போய் விளையாட நேரம் கொடுங்கள்!