அலுமாரிக்குள் ஒரு காலம் – 14
நாடாவில் நெய்த யுத்தம்

பட்டாளத்தில் இருந்த வாப்பாமாரின் பெட்டிகளைப் போன வாரம் திறந்தோம். எதையும் துடைக்க வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த வாரம் கடிதங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் சாய்ந்தமருது வாசகர் ஒருவர் பதக்கமொன்றின் படத்தை அனுப்பிவிட்டார். "வாப்பா ரெண்டாம் உலக யுத்தத்துல பட்டாளத்துல இருந்தவர். இதுல அவர்ர பேரைக் காணல்ல. வேற யாருடையதுமோ?" என்பது அவர் கேள்வி.

பெயர் இல்லாததில் சந்தேகப்பட எதுவுமில்லை. 1914–18 யுத்தத்துக்குப் பிரித்தானியா கொடுத்த பதக்கங்களின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் சிப்பாயின் இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். 1939–45 யுத்தத்தில் கோடிக்கணக்கானோர் சேவை செய்தார்கள். பொதுவாக எல்லோருக்கும் வழங்கிய நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் பிரித்தானிய அரசு பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தங்கள் படையினருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. பிரித்தானியப் பதக்கம் சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வீட்டுக்கு வரும். பெயரும் முகவரியும் அந்தப் பெட்டியின் மேல் இருக்கும். என்னென்ன பதக்கங்கள் என்று உள்ளே ஒரு துண்டுக் கடதாசி சொல்லும். பதக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட்ட வீடுகள் எத்தனையோ. வாப்பாவின் பெயரும் அந்தப் பெட்டியோடுதான் போயிற்று.

ஆனால் பெயர் சொல்லாத பதக்கத்திலும் நாடா பேசும். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது அதுதான்.

வாசகர் அனுப்பியது பாதுகாப்புப் பதக்கம். ஒரு முகத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுமுகத்தில் முடி சூடிய ஓக் கன்றின் இரு பக்கமும் சிங்கங்கள், 1939, 1945 என்ற ஆண்டுகள். நாடாவின் நடுவில் நெருப்பு நிறம், இரு ஓரத்திலும் பச்சை, ஒவ்வொரு பச்சைக்குள்ளும் மெல்லிய கறுப்புக் கோடு. பச்சை இங்கிலாந்தின் மண். நெருப்பு நிறம் அந்த மண்ணில் விழுந்த குண்டுகள். கறுப்பு, விளக்கணைத்துக் கிடந்த இருட்டடிப்பு இரவுகள். ஒரு விரல் அகலத் துணிக்குள் ஒரு நாட்டின் ஆறு வருசப் பயத்தை அடக்கியிருக்கிறார்கள்! ஆபிரிக்க நட்சத்திரத்தின் நாடா பாலைவன மணல் நிறம். நடுவே தரைப்படைக்குச் சிவப்பு, ஒருபுறம் கடற்படைக்குக் கடுநீலம், மறுபுறம் விமானப்படைக்கு இளநீலம். பெயர் தொலைந்தாலும் வாப்பா எந்தக் களத்துக்காகப் பதக்கம் பெற்றார் என்று நிறம் சொல்லிவிடும்.

அந்தப் படத்தை மருதமுனையில் தறியோடு வாழ்நாளைக் கழித்த காக்கா ஒருவரிடம் காட்டினேன். மன்னரின் தலையை அவர் பார்க்கவே இல்லை. போன் திரையில் நாடாவைப் பெரிதாக்கிப் பார்த்தார். "கோடெல்லாம் நெடுக ஓடுது. அப்ப நிறம் பாவுலதான் கிடக்கு. இந்தக் கறுப்பை ஒரு இழை தவறாம பாவுல கட்டினவன் தொழில் தெரிஞ்சவன்" என்றார். பதக்கம் சேகரிப்பவர்களின் கண் உலோகத்தில் நிற்கும். நெசவு ஊரின் கண் இழையைப் பார்த்தது. இந்த நாடாக்களைப் பாதுகாக்க எங்கள் கிழக்குக் கரையை விடத் தகுந்த இடம் எது?

அதனால் நாடாவை மாற்றாதீர்கள். பழையது நைந்திருந்தாலும் அதுவே இருக்கட்டும். சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டினால் நிறம் வெளுக்கும், பிறகு படிக்க எதுவும் மிஞ்சாது. பித்தளை மினுக்கும் பசை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து கரையும். எங்கள் உப்புக்காற்றுக்கு நட்சத்திரங்களில் பச்சைக்களிம்பு பூக்கும். கஞ்சி போடாத, நன்றாகக் கழுவி உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் சேராத பெட்டியில் வையுங்கள்.

'இது வெள்ளைக்காரனின் யுத்தம், எங்களுக்கு என்ன' என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன்: 1942 ஏப்ரல் 9. அன்று மட்டக்களப்புக்கு நேரே கடலில், விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பலான ஹெர்மிசை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அந்தக் கப்பலில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் தூக்கியெடுத்தது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். யுத்தம் எங்கள் கடலுக்கே வந்திருந்தது.

பிறகு எங்கள் சொந்த உள்நாட்டு யுத்தம் வந்தது. பட்டாளத் துணி ஒன்று அலுமாரியில் இருந்தால் எந்தப் பக்கத்தார் வந்தாலும் கேள்வி வரும். அந்தப் பயத்தில் எத்தனையோ உம்மாமார் சட்டையையும் போட்டோவையும் அடுப்பில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மிஞ்சியதைக் கேட்டு 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாகக் கடல் வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஆட்களோடு அலுமாரிகளும் போயின.

ஆகவே ஒரு பொருள் ஒரே வீட்டில் மட்டும் இருந்தால் அது பத்திரமாக இல்லை. பிறர் இதை முன்பே உணர்ந்தார்கள். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 2008இல் பொதுமக்களின் வீடுகளில் கிடந்த முதலாம் உலக யுத்தப் பொருள்களில் 6,500ஐப் படமாகச் சேர்த்தது. பிபிசி 2003 முதல் 2006 வரை இரண்டாம் உலக யுத்த நினைவுகளாக 47,000 கதைகளையும் 15,000 படங்களையும் திரட்டியது. பொருள் வீட்டிலேயே இருந்தது, பிரதிதான் வெளியே போனது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களுக்காக நூலகம் நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எங்கள் ஊர்களின் பெட்டிகளிலிருந்தும் அங்கே படங்கள் போய்ச் சேர வேண்டும்.

பட்டாளத்துத் தபாலும் தணிக்கைக்காரர் ஒட்டிய கடதாசிப் பட்டியும் அடுத்த வாரம். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். பதக்கத்தின் இரு முகத்தையும் விளிம்பையும் நாடாவையும் அட்டைப் பெட்டியையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். வாப்பாவின் முழுப்பெயர், ஊர், இருந்த படை ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கூடவே வையுங்கள். பிரதி ஒன்றை வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.